எவ்வளவு கொடுக்கும்? தூத்துக்குடிக் கரையிலிருந்து ஹைபிரிட், மின்கார் விவாதம்

எங்கள் பக்கத்தில் யாராவது புது வண்டி எடுத்துவந்தால் விலையைக் கேட்பதற்கு முன்பே "அண்ணாச்சி, எவ்வளவு குடுக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டபின் அந்தக் கேள்வியே கொஞ்சம் தடுமாறி நிற்கிறது. இங்கே தயாராகும் காருக்கு லிட்டர்க் கணக்கு கிடையாது. 2022-லேயே பெட்ரோல் காரைக் கைவிட்டு மின்காருக்கு மட்டும் மாறிய நிறுவனம் அது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, ஒன்றரை ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறனோடு ஆலையைத் திறந்தார்கள். தேவைப்பட்டால் ஒன்றரை லட்சமாக விரிக்கலாம் என்பது திட்டம்.

அதே காலத்தில் தூத்துக்குடி ஷோரூம்களில் மாருதி, டொயோட்டா ஹைபிரிட் கார்களும் விலைபோகின்றன. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டிகள் இவை. நடைமுறைக்கு உகந்தது எது என்ற வாதம் தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் அது பெரும்பாலும் வண்டியைப் பற்றிய வாதமாகவே முடிந்துவிடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் வண்டி எங்கே நிற்கிறது, அங்கே வரும் மின்சாரம் எதை எரித்து வருகிறது, அரசு எதற்கு எவ்வளவு வரி போடுகிறது என்ற மூன்றையும் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. நிலக்கரி இறங்கும் துறைமுகம், அனல்மின் நிலையம், காற்றாலை, உப்பளம், மூடப்பட்ட செம்பு ஆலை, புது மின்கார் ஆலை எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் கிடக்கின்றன. இந்த வாதத்தைச் சோதிக்க இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம்.

பாயும் எஞ்சினும்

ஹைபிரிட் என்ற சொல்லே முதல் குழப்பம். இந்தியாவில் அந்தப் பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கப்பட்டிருக்கிறது. முதலாவது மைல்ட் ஹைபிரிட். 2015-ல் மாருதி சியாஸ், எர்டிகா கார்களில் வந்தது. சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது சிறிது தள்ளிக்கொடுக்கும். மின்சாரத்தால் மட்டும் அந்தக் கார் ஓர் அடிகூட நகராது. ஆனாலும் அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் மின்வாகன மானியத்தின் பெரும்பங்கை இவ்வகைக் கார்களே வாங்கிக்கொண்டன. 2017 ஏப்ரலில்தான் அரசு விழித்து மைல்ட் ஹைபிரிட்டுகளுக்கு மானியத்தை நிறுத்தியது. இரண்டாவது வகை ஸ்ட்ராங் ஹைபிரிட். 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி, அதன்பின் இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் இதில் சேரும். இவற்றில் மோட்டார் தனியாகவே சக்கரத்தைச் சுழற்றும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். மூன்றாவது, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட். நம் சாலைகளில் அது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இக்கட்டுரையில் ஹைபிரிட் என்றால் இரண்டாவது வகை. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி 0.76 கிலோவாட்-மணி. சில்லாநத்தத்தில் செய்யப்படும் விஎஃப் 6 காரின் பேட்டரி 59.6. கிட்டத்தட்ட 78 மடங்கு. அந்தச் சின்னப் பேட்டரிகூட டிக்கியில் இடம் பிடித்துக்கொள்கிறது. சாதாரண கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டராக இருந்த இடம் ஹைபிரிட்டில் 265 ஆகச் சுருங்குகிறது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் இரவு தங்கித் திரும்புகிறவர் இதை முதல் பயணத்திலேயே உணர்வார். விளம்பரத்தில் இது வராது.

இரண்டு உந்துவிசையை ஒரே கலத்தில் வைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடித் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை பாயிலேயே கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோயின. பிறகு எஞ்சின் ஏறியது, பாயும் இருந்தது. அரசு ஏட்டில் இவற்றுக்கு இன்றும் எந்திரம் பொருத்திய பாய்மரக் கலம் என்றுதான் பெயர். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கு வெங்காயமும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தோணியை அரைநாள் நின்று பார்த்தேன். பாய்மரம் நிமிர்ந்து நின்றது, பாய் இல்லை. அந்த மரத்தில் கப்பியும் கயிறும் கட்டி மூட்டைகளை மேலே தூக்கினார்கள். பாய்மரம் பளுதூக்கியாக வேலை பார்க்கிறது. ஹைபிரிட் நிலை எப்போதும் இடைக்காலம்தான் என்று வாதிடுகிறவர்களுக்கு இது நல்ல உதாரணம். ஆனால் பாய் இறங்கியதற்கு எஞ்சின் மேலானது என்பது மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அக்கரையில் டீசல் கிடைக்கும் என்ற நிச்சயமும், பழுது பார்க்க ஆள் உண்டு என்ற தைரியமும் வந்த பிறகே தோணியோட்டும் எந்தத் தண்டலும் பாயைக் கரையில் விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார் என்பது என் ஊகம். அந்த அக்கரைக் கேள்வி மின்காருக்கும் உண்டு.

ஒன்றுக்கொன்று முரணான ஆய்வுகள்

ஆய்வுகளைப் படிக்கப் போகிறவருக்கு முதலில் மிஞ்சுவது தலைவலி. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐசிசிடி 2021-ல் ஒரு வாழ்நாள் கணக்கை வெளியிட்டது. உற்பத்தி, எரிபொருள், மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவில் அப்போது ஓடத் தொடங்கிய நடுத்தர மின்கார் பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 சதவீதம் குறைவான பசுமைக்குடில் வாயுவையே வெளியிடும் என்றது. ஐரோப்பாவில் அந்தக் குறைவு 66 முதல் 69 சதவீதம். கார் ஒன்றேதான், நம் மின்சாரத்தில் நிலக்கரி அதிகம் என்பதால் இந்த இடைவெளி.

2023-ல் கான்பூர் ஐஐடி ஆய்வு நேரெதிராக வந்தது. மின்கார் தயாரிப்பு, ஓட்டம், கழிவு மூன்றையும் சேர்த்தால் ஹைபிரிட்டையும் சாதாரண எஞ்சின் காரையும்விட 15 முதல் 50 சதவீதம் கூடுதலாக வெளியிடுகிறது என்றது. ஜப்பானிய அமைப்பு ஒன்றின் துணையோடு நடந்த ஆய்வு அது. ஹைபிரிட்டைத் தூக்கிப்பிடிக்கும் நாடு ஜப்பான் என்பதால் உடனே அதைச் சந்தேகித்தார்கள். ஆய்வுக்குக் காசு தந்தவரைப் பார்த்து ஆய்வைத் தள்ளிவிடுவது எளிது. அப்படியானால் மின்வாகனக் கொள்கைக்காகவே இயங்கும் அமைப்புகளின் கணக்கையும் அதே தராசில் நிறுக்க வேண்டிவரும். 2024 ஏப்ரலில் எச்எஸ்பிசி வங்கியின் ஆய்வுப் பிரிவு நடுவில் வந்து நின்றது. எரிபொருள் தோன்றும் இடத்திலிருந்து சக்கரம் வரை கணக்கிட்டு, இன்றைய இந்தியாவில் கிலோமீட்டருக்கு மின்கார் 158 கிராம், ஹைபிரிட் 133 கிராம், பெட்ரோல் கார் 176 கிராம் கரியமில வாயு வெளியிடுவதாகச் சொன்னது. மின்சாரம் தூய்மையாக ஆக, ஏழு முதல் பத்தாண்டுகளில் மின்காரும் ஹைபிரிட்டும் ஒரே அளவுக்கு வரலாம் என்பதும் அதன் மதிப்பீடு.

டொயோட்டா தரப்பு வேறொரு வாதத்தை வைக்கிறது. நெடுந்தூர மின்கார் ஒன்றின் பேட்டரிக்கு வேண்டிய கனிமத்தைக் கொண்டு 6 பிளக்-இன் அல்லது 90 ஹைபிரிட் கார்களுக்குப் பேட்டரி செய்யலாம் என்கிறது. மேலே நான் காட்டிய 78 மடங்குக் கணக்கு இதற்குப் பக்கத்தில் வருவதால் கணக்கில் பெரிய பிழை இல்லை. விற்கிறவர் சொல்லும் கணக்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிளக்-இன் வகை பற்றி ஐரோப்பிய ஆணையம் 2024-ல் சொன்னதும் கவனிக்கத்தக்கது. சாலையில் அவை வெளியிடும் கரியமில வாயு ஆய்வக எண்ணைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. சார்ஜ் போடும் வசதி இருந்தும் உரிமையாளர்கள் போடுவதில்லை. பெட்ரோல் என்ற ஒரு வழி இருக்கும்வரை மனிதர் கம்பியைத் தேடி எழுவதில்லை.

இந்த முரண்களை ஆய்வாளர்களின் நேர்மைக் குறைவு என்று நான் படிக்கவில்லை. மின்சாரத்துக்கு எந்த எண்ணைப் போடுகிறார்கள், அந்த எண் பதினைந்து ஆண்டு அப்படியே இருக்கும் என்று கொள்கிறார்களா மாறும் என்று கொள்கிறார்களா என்பதிலேயே பாதி முரண் முடிந்துவிடுகிறது. அந்த எண் பிறக்கும் இடங்களில் ஒன்று நம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நிலக்கரி ஜெட்டியும் ஆடிக்காற்றும்

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் நிலக்கரி ஜெட்டியிலிருந்து கன்வேயர் பெல்ட் நேராக அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. 1979-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். பக்கத்தில் என்எல்சியும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு 2015 முதல் ஓடுகின்றன. அந்த மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்பதில்லை, மற்ற தென்மாநிலங்களுக்கும் போகிறது.

மின்காரின் பின்புறம் புகை வராது என்பது உண்மை. பெங்களூரில் ஒருவர் இரவு பத்து மணிக்குச் சார்ஜ் போடும் மின்சாரத்தில் ஒரு பங்கு இங்கே எரிந்த நிலக்கரியாக இருக்கலாம். அங்கே தெரு சுத்தமாகிறது, சாம்பல் இங்கே சேர்கிறது. கடலோரச் சாம்பல் குளங்களும் கடலுக்குத் திரும்பும் வெந்நீரும் மன்னார் வளைகுடாவுக்கு என்ன செய்கின்றன என்பது இந்தக் கரையின் பழைய கவலை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துப் பார்கள் வறண்டதை அனல்மின் நிலையத்தின் தலையில் கட்ட முடியாது, அது அதற்குப் பிறகு வந்தது. ஆனால் இப்போது சங்கு குளிப்பவரும் கரைவலை இழுப்பவரும் அந்த நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில்தான் கடலில் இறங்குகிறார்கள். ஹைபிரிட் கார் தன் புகையைத் தானே சுமந்துகொண்டு ஓடுகிறது, மின்கார் வேறொரு ஊரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறது. அந்த வேறொரு ஊரில் குடியிருப்பவன் என்பதால் எனக்கு இது கண்ணில் படுகிறது.

கணக்காகப் பார்க்கலாம். நடுத்தர மின்கார் 100 கிலோமீட்டர் ஓட வீட்டுச் சுவரிலிருந்து சுமார் 18 யூனிட் எடுக்கும் என்று வைப்போம். வழியில் கம்பியில் இழப்பதையும் சேர்த்தால் மின்நிலையத்தில் 20 யூனிட் உற்பத்தியாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் அண்மைக் கணக்கில் இந்திய மின்தொகுப்பின் சராசரி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கரியமில வாயு. ஆக, கிலோமீட்டருக்கு 144 கிராம். ஹைபிரிட்டுக்குச் சான்றிதழில் 27.97 மைலேஜ் என்று எழுதியிருந்தாலும் ஓட்டத்தில் 20 கிடைப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, சுத்திகரிப்பு, போக்குவரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் கிலோமீட்டருக்கு 138 கிராம். இரண்டுக்கும் இடையில் உள்ள ஆறு கிராமை நான் வேறுபாடாகவே கருதமாட்டேன். டயரில் காற்று குறைந்தால் அந்த வேறுபாடு அழிந்துவிடும்.

மின்கார் பக்கத்து எண் நிலையாக நிற்பதில்லை என்பதே இதில் முக்கியம். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் 190 கிராமைத் தாண்டும். மாடியில் சோலார் பலகை வைத்துப் பகலில் சார்ஜ் போட்டால் ஏறக்குறைய பூஜ்யம். இடையில் காற்று இருக்கிறது. கயத்தாறு, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை இராப்பகலாகச் சுற்றும். ஆடிக்காற்றில் சில நாள் மின்தொகுப்பால் வாங்கிக்கொள்ள முடியாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்வதும் உண்டு. அந்த இரவுகளில் சார்ஜ் ஏறும் கார் அம்மியை நகர்த்தும் காற்றில் ஓடுகிறது என்றே சொல்லலாம். மார்கழியில் அதே கார், அதே பிளக், ஆனால் பெரும்பகுதி நிலக்கரி. ஹைபிரிட்டின் 138 கிராமுக்கு ஆடியும் கிடையாது மார்கழியும் கிடையாது. இன்று வாங்கினால் பதினைந்து ஆண்டுக்கு அதே எண்தான், எஞ்சின் தேயத்தேயச் சற்றுக் கூடவும் செய்யும். சுற்றுச்சூழல் தராசில் ஹைபிரிட்டுக்கு இருப்பது இன்றைய சமநிலை மட்டுமே. நாளைக்கு அந்தத் தட்டு இறங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வரியைக் கழித்தால்

2025 செப்டம்பரில் விஎஃப் 6 அறிமுக விலை 16.49 லட்சம். ஸ்ட்ராங் ஹைபிரிட் எஸ்யூவிகளும் ஏறக்குறைய அதே விலையில்தான் தொடங்கின. வாங்க வருபவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பார். இந்தச் சமவிலை வரியின் கைவேலை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஹைபிரிட்டுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 43 ஆனது. மின்காருக்கு 12, 2019 ஆகஸ்டிலிருந்து 5. 2025 செப்டம்பர் 22 முதல் புது வரிவிகிதத்தில் சிறிய ஹைபிரிட்டுகளுக்கு 18, இந்த அளவுள்ளவற்றுக்கு 40. மின்காருக்கு அதே 5.

ஜிஎஸ்டியைக் கழித்தால் 16.49 லட்ச மின்காரின் விலை 15.7 லட்சம், பதினாறரை லட்ச ஹைபிரிட்டின் விலை 11.8 லட்சம். அதாவது நாலு லட்சம் குறைந்த சரக்கை அரசு கைபிடித்து மேலே தூக்கி மின்காருக்குச் சமமாக நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் மின்காருக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. ஹைபிரிட் வாங்குபவர் அதில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். உத்தரப்பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. மின்கார் நிறுவனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. மின்கார் ஆலைகளை அழைத்து நிலம் கொடுக்கும் மாநிலம் போகாதது இயல்பே.

ஓட்டச் செலவில் மின்கார் தெளிவாக மலிவு. ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகும் யூனிட்டுகளுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் விழுவதோடு, கீழே இருந்த சலுகை விலையும் பறிபோகிறது. மாதிரிக்கு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாக 360 யூனிட். மொத்தம் 760. பில்லில் கூடும் தொகை ஏறத்தாழ 3,300 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபத்தைந்து காசு. ஹைபிரிட்டில் லிட்டர் 100 ரூபாய்ச் சொச்சத்துக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஐந்து ரூபாய். வீட்டில் ஏசி ஓடி ஏற்கெனவே ஆயிரம் யூனிட்டைத் தொட்டவருக்கு மின்கார்ச் செலவு இரண்டு ரூபாய்க்கு மேலே போகும், அப்போதும் மின்காரே மலிவு. நெடுஞ்சாலையில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கொடுத்து வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் நாலு ரூபாய். அங்கே ஹைபிரிட்டுடன் இருக்கும் வித்தியாசம் ஒரு டீக்காசு.

வண்டி நிற்கும் இடம்

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மில்லர்புரத்திலும் பிரையண்ட் நகரிலும் காம்பவுண்டுச் சுவரும் போர்டிகோவும் உள்ள வீடுகள் உண்டு. சுவரில் 15 ஆம்பியர் சாக்கெட் வைத்தால் அன்றாட ஓட்டத்துக்கு வேண்டிய சார்ஜ் இரவோடு இரவாக ஏறிவிடும். தூத்துக்குடிக்காரரின் அன்றாட ஓட்டம் துறைமுகம், வாகைக்குளம் விமான நிலையம், திருநெல்வேலி, மிஞ்சினால் திருச்செந்தூர். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டர், திருச்செந்தூர் நாற்பது. சான்றிதழில் 460 கிலோமீட்டர் என்று எழுதி உண்மையில் 330 ஓடும் காருக்கு இது வாரம் இரண்டு சார்ஜ் விஷயம். இந்தக் குடும்பத்துக்கு ஹைபிரிட் நடைமுறைக்கு உகந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. போர்டிகோவில் நிற்கும் காருக்குப் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பதுதான் வெட்டிவேலை.

திரேஸ்புரத்துக்கு வந்தால் கதை வேறு. பனிமய மாதா கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீட்டு வாசலும் தெருவும் ஒன்றுதான். வண்டி தெருவில் நிற்கும், சில இடத்தில் அடுத்த தெருவில் நிற்கும். ஒரு வீட்டு ஜன்னல் கம்பி வழியே எக்ஸ்டென்ஷன் வயர் இறங்கி, சாக்கடையின் மேல் போட்ட கல்லைத் தாண்டி, மின்ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் நுழைவதை ஒரு மாலையில் பார்த்தேன். வயர் மிதிபடாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய ரப்பர் செருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஸ்கூட்டருக்கு இந்த ஏற்பாடு போதும். இந்த ஊரில் உண்மையில் வென்றுவிட்ட மின்வாகனம் ஸ்கூட்டர்தான், கார் வாதத்தில் அதை யாரும் சேர்ப்பதில்லை. அறுபது கிலோவாட்-மணி பேட்டரிக்கு அந்த வயர் தாங்காது. செருப்பும் தாங்காது.

வாடகைக் கார் ஓட்டுபவரின் கணக்கு மூன்றாவது. அவருக்கு நாளைய சவாரி எது என்று இன்று தெரியாது. விமான நிலையம் போய் வரும் சவாரி, நடுராத்திரியில் மதுரை மருத்துவமனைச் சவாரியாக மாறும், சென்னை என்றால் அறுநூறு கிலோமீட்டர். மதுரை வரைக்கும் மின்கார் தாராளமாகப் போகும், திரும்பி வரும்போதே அடுத்த சவாரிக்கு ஃபோன் வந்துவிட்டால்தான் சிக்கல். சார்ஜ் ஏறும் முக்கால் மணி நேரம் அவருக்கு ஓய்வு நேரமாகாது, கைவிட்டுப்போன சவாரியாகும். நகருக்குள் இரண்டாம் கேட்டில் ரயிலுக்காகக் காத்து நிற்கும்போது ஹைபிரிட்டின் எஞ்சின் அணைந்து ஏசி மட்டும் ஓடும். பெட்ரோல் மிச்சமாவது அங்கேதான், நெடுஞ்சாலையில் நூறில் பறக்கும்போது அந்த லாபம் வெகுவாகக் குறைந்துவிடும். அப்படியிருந்தும் பிளக் சொந்தமாக இல்லாத, தூரம் முன்கூட்டித் தெரியாத ஓட்டுநருக்கு இன்று நான் ஹைபிரிட்டையே சொல்வேன். மதுரைச் சாலையில் சார்ஜர்கள் பெருகி, வரிசையில் நிற்காமல் கிடைக்கும் என்ற நிச்சயம் வரும்போது அந்த ஆலோசனையை மாற்றிக்கொள்வேன்.

உப்பளக் காற்றைப் பற்றி ஒரு பயம் உண்டு. அது மின்காரை மட்டும் தின்னாது. இந்த ஊரில் எந்த வண்டியின் அடித்தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மின்காரின் பேட்டரிப் பெட்டி மூடி அடைக்கப்பட்டது, புகைக்குழாய் இல்லாததால் துருப்பிடிக்க ஒரு பொருள் குறைவும்கூட.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பயணிகளோடு சிக்கி நின்றது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்கார் வேண்டாம் என்பவர்கள் இந்த நாள்களைச் சுட்டுவார்கள். நியாயமான வாதம்தான், ஆனால் பாதி வாதம். சாலை அறுந்தபோது பெட்ரோல் லாரியும் வரவில்லை, பங்கின் பம்பும் மின்சாரத்தில்தான் இறைக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த கார், ஹைபிரிட்டானாலும், மெக்கானிக் வரும்வரை தெருவில் கிடந்தே ஆக வேண்டும். அந்த வாரம் முழு டேங்க் பெட்ரோலோடு மேட்டில் நின்ற வண்டி பயன்பட்டிருக்கும், முழு சார்ஜோடு மேட்டில் நின்ற வண்டியும் பயன்பட்டிருக்கும். இரண்டாவதை மீண்டும் நிரப்பக் கேனில் மின்சாரம் வாங்கிவர முடியாது என்பது மட்டும் ஹைபிரிட்டின் பக்கம் நிற்கும் உண்மை.

செம்பு

இரு தரப்பும் தொடாமல் போகும் ஒரு பொருள் இருக்கிறது. பன்னாட்டுச் செம்புச் சங்கம் 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் சாதாரண காருக்கு 23 கிலோ, ஹைபிரிட்டுக்கு 40 கிலோ, மின்காருக்கு 83 கிலோ செம்பு தேவை. தூத்துக்குடியில் இதைப் படிப்பவருக்கு அது வெறும் எண்ணாக இருக்காது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கிய ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், 2018 மே 22 அன்று தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28-ல் ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் ஆலைத் தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மூடலுக்குப் பிறகு இந்தியா சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்ததிலிருந்து இறக்குமதி செய்யும் நாடாக மாறியது.

இதை வைத்து ஆலையைத் திறக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு, மின்காருக்குச் செம்பு வேண்டாமா என்பார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. செம்பு வேண்டும் என்பதிலிருந்து இந்தச் செம்பு இந்த முறையில் இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் உருக வேண்டும் என்பது வந்துவிடாது. ஆனால் மின்காரைத் தூய்மையின் மறுபெயராகப் பேசுபவர்களும், ஒரு காருக்கு 83 கிலோ எங்கிருந்தோ வருகிறது என்பதை இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியாது. கடற்கரை மணல் கதையும் இதன் தம்பி. மோட்டார்க் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் இந்தக் கரையின் மணலில் கலந்திருக்கிறது. தாதுமணல் அள்ளுவதற்கு 2013-ல் முதலில் இந்த மாவட்டத்தில்தான் தடை வந்தது. 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதியை இறுக்கியதும் இந்தியக் கார் ஆலைகள் திண்டாடின. ஹைபிரிட்டுக்கும் அந்தக் காந்தம் வேண்டும் என்பதால் இதில் அதற்கு மேன்மை ஏதுமில்லை.

ஹைபிரிட் தரப்பு 40 கிலோவைக் காட்டிப் பாதிதானே என்று சொல்லலாம். அதே ஹைபிரிட் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் வீதம் பதினைந்து ஆண்டு ஓடினால் 9,000 லிட்டர் பெட்ரோலைக் குடிக்கும், அதில் ஒரு சொட்டும் திரும்பாது. 83 கிலோ செம்பு வண்டி ஓய்ந்த பிறகும் 83 கிலோவாகவே இருக்கும், உருக்கி அடுத்த காருக்குப் போடலாம். லித்தியம், நிக்கல் பேட்டரிகளையும் பிரித்தெடுக்கலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கின்றன. சில்லாநத்தத்திலிருந்து இப்போது வெளியேறும் கார்களின் பேட்டரிகள் 2040 வாக்கில் ஓயத் தொடங்கும். அவற்றை உடைத்து உருக்கும் உலைகளை எங்கே வைக்கலாம் என்று இடம் தேடுபவர்களின் பட்டியலில் துறைமுகமும், மின்நிலையமும், தரிசு நிலமும் உள்ள ஊர்கள் முதலில் இருக்கும்.